சத்தம் எப்படி வருகிறது? வீட்டிலேயே செய்து பார்க்கும் விஞ்ஞான பாடம்



தோட்டத்தில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் சேவல் கூவுகிறது. பெக்டரிச் சங்கு ஊதுகிறது. தகரத்தில் மழை கொட்டுகிறது. பீலியில் தண்ணீர் விழுகிறது. "அடியே, நேரமாச்சு, கூடையை எடு" என்று இஸ்தோப்பிலிருந்து ஒரு குரல் வருகிறது. இவை எல்லாம் எப்படி நம் காதுக்கு வந்து சேருகின்றன?

பள்ளிக்கூடத்து விஞ்ஞான பாடத்தில் ஒலியும் அலையும் வருகின்றன. அதிர்வு, ஊடகம், மீடிறன் என்ற சொற்களைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்து போகிறார்கள். கையால் செய்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டது மறக்காது. ஆகவே வீட்டில் கிடக்கும் டின், நூல், கரண்டி, போத்தல் இவற்றைக் கொண்டே செய்யக்கூடிய சில பரிசோதனைகளை இங்கே தருகிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றும் கிடையாது. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி பிள்ளைகளின் காதைப் பற்றியது. அதைப் பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

1. சத்தம் என்பது அதிர்வு

முதல் பரிசோதனைக்கு எந்தப் பொருளும் வேண்டாம். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு "ம்ம்ம்..." என்று இழுத்துச் சொல்லுங்கள். விரலுக்குக் கீழே கிறுகிறு என்று துடிப்பது தெரியும். சத்தத்தை நிறுத்தினால் துடிப்பும் நின்று விடும். இந்தத் துடிப்புக்குத்தான் அதிர்வு என்று பெயர். அதிர்வு இல்லாமல் சத்தம் இல்லை.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கையானது.

தேவையானவை: வெறும் பால்மா டின் ஒன்று, பொலித்தீன் துண்டு, ரப்பர் பேண்ட், பத்துப் பதினைந்து அரிசிமணி, அலுமினியச் சட்டி, அகப்பை.

செய்யும் முறை: டின்னின் வாயில் பொலித்தீனைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் அரிசிமணிகளைப் போடுங்கள். சட்டியை டின்னுக்குப் பக்கத்தில் பிடித்து அகப்பையால் ஓங்கித் தட்டுங்கள். சட்டி டின்னில் முட்டக் கூடாது.

நடப்பது என்ன? யாரும் தொடாமலே அரிசிமணிகள் துள்ளும். சட்டி அதிர்ந்தது, அது பக்கத்திலுள்ள காற்றை அதிர வைத்தது, காற்று போய்ப் பொலித்தீனை அதிர வைத்தது. நம் காதுக்குள்ளும் இப்படி ஒரு தோல் இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அகலம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான். இந்தப் பொலித்தீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. அலை போகிறது, தண்ணீர் போவதில்லை

பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி அசையாமல் வையுங்கள். நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்தை மிதக்க விடுங்கள். ஓரத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். வட்ட வட்டமாக அலை ஓடும். கொழுந்தைக் கவனியுங்கள். அது அலையோடு ஓடிக் கரைக்குப் போகிறதா? இல்லை. இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடுகிறது. அலையில் பயணம் போவது தண்ணீர் அல்ல, சக்திதான்.

துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறினாலும் இதுவே நடக்கும். மேடு ஒன்று கயிற்றில் ஓடித் தூணை முட்டித் திரும்பி வரும். கயிறு மேலும் கீழும் ஆடுகிறது, அலை முன்னே போகிறது. இதற்குக் குறுக்கலை என்று பெயர்.

காற்றில் சத்தம் போவது வேறு மாதிரி. அதைக் காட்டுவதற்கு ஆறேழு பிள்ளைகள் போதும். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் தோளில் கை வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை மெல்லத் தள்ளட்டும். தள்ளு ஒவ்வொருவராகக் கடந்து முதல் பிள்ளையிடம் வந்து சேரும். ஆனால் யாரும் இடம் மாறவில்லை. காற்றின் துணிக்கைகளும் இப்படியே ஒன்றையொன்று நெருக்கி, விலகி, சத்தத்தைக் கடத்துகின்றன. இதுதான் நெட்டாங்கு அலை. தள்ளுவதற்கு ஆளே இல்லாவிட்டால் தள்ளு எப்படிப் போகும்? அதனால்தான் வெற்றிடத்தில் சத்தம் போகாது.

3. கரண்டிக்குள் கோயில் மணி

தேவையானவை: எவர்சில்வர் கரண்டி, இரண்டு முழம் நூல்.

நூலின் நடுவில் கரண்டியைக் கட்டித் தொங்க விடுங்கள. நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல்களில் சுற்றி, அந்த விரல்களால் காதுகளை மெதுவாக மூடிக்கொள்ளுங்கள். குனிந்து, கரண்டி மேசை விளிம்பில் மோதும்படி ஆட விடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு "டிங்" என்று சின்னச் சத்தம்தான் கேட்கும். உங்களுக்கோ பெரிய கோயில் மணி அடித்தது போல் இருக்கும். "எங்கம்மா, நானும் கேக்கிறேன்" என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.

காரணம் இதுதான். காற்றில் சத்தம் நாலா பக்கமும் சிதறிப் போகிறது. நூலிலோ நேராகக் காதுக்கே வருகிறது. திண்மப் பொருளிலும் திரவத்திலும் சத்தம் வேகமாகவும் போகும். காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர். தண்ணீரில் ஏறக்குறைய 1,480 மீற்றர். இரும்பில் 5,000 மீற்றர் அளவு. 1826ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலடன், ஸ்டேர்ம் என்ற இருவர் தண்ணீருக்குள் மணி அடித்து இந்த வேகத்தை அளந்தார்கள். ஒரு படகில் மணி அடித்த அதே நொடியில் வெடிமருந்தைப் பற்ற வைத்தார்கள். தூரத்துப் படகில் இருந்தவர் வெளிச்சம் கண்ட நேரத்துக்கும், தண்ணீருக்குள் விட்ட குழாயில் மணி கேட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணினார்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரும்பில் சத்தம் நன்றாகப் போகும் என்பதற்காக ரயில் பாதையில் காது வைத்துப் பார்க்கும் வேலை கூடவே கூடாது. மலைநாட்டுப் பாதையில் வளைவுகள் அதிகம். ரயில் கண்ணுக்குத் தெரியும்போது பக்கத்தில் வந்து விடும்.

4. யோகட் கோப்பை டெலிபோன்

இரண்டு வெறும் யோகட் கோப்பைகளின் அடியில் ஊசியால் துளை போட்டு, பத்துப் பதினைந்து முழ நூலால் இணையுங்கள். உள்ளே நூல் நழுவாமல் ஈர்க்குத் துண்டு ஒன்றை முடிச்சில் கட்டுங்கள். ஒரு பிள்ளை லயத்தின் இந்தக் கோடியிலும், மற்றப் பிள்ளை அந்தக் கோடியிலும் நின்று நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் கோப்பைக்குள் மெதுவாகப் பேச, மற்றவர் கோப்பையைக் காதில் வைத்துக் கேட்கலாம்.

கேட்ட பிறகு இந்த மூன்றையும் செய்து பாருங்கள்: நூலைத் தொய்ய விடுங்கள்; நடுவில் ஒருவர் நூலை விரலால் கிள்ளிப் பிடிக்கட்டும்; நூலை ஒரு தூணில் முட்டும்படி பிடியுங்கள். மூன்றிலும் பேச்சு மங்கும் அல்லது நின்று போகும். ஏன்? அதிர்வு ஓட முடியவில்லை. வழியில் ஓரிடத்தில் தடை வந்தால் போதும், பேசுகிறவர் எவ்வளவு கத்தினாலும் கேட்கிறவருக்குப் போய்ச் சேராது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கீச்சுக் குரலும் கட்டைக் குரலும்

ஒரே அளவான நான்கு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றவற்றில் கால், அரை, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள்.

முதலில் பென்சிலால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சத்தம் கட்டையாகும். பிறகு போத்தல் வாயில் உதட்டை வைத்து ஊதுங்கள். இப்போது தலைகீழ்! தண்ணீர் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று உயரும்.

போத்தல் அதே போத்தல், தண்ணீர் அதே தண்ணீர். ஏன் இந்த மாற்றம்? தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும். தண்ணீர் கூடினால் பாரம் கூடும், அதிர்வு மந்தமாகும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் அதிர்வு வேகமாகும். ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் மீடிறன். அதன் அலகு ஹேர்ட்ஸ். மீடிறன் கூடினால் சுருதி உயரும்.

இது நம்மவர்களுக்குப் புதிது அல்ல. காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் ஐயாமார் முதலில் என்ன செய்கிறார்கள்? சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுகிறார்கள். ஈரம் போய்த் தோல் விறைக்கிறது, சத்தம் கணீர் என்று எழும்புகிறது. உடுக்கு அடிப்பவர் நடுவிலுள்ள கயிற்றை அமுக்கி அமுக்கி விடுகிறார். அமுக்கினால் தோல் இறுகும், குரல் உயரும், விட்டால் தாழும். புத்தகத்தில் இழுவை என்றும் மீடிறன் என்றும் படிப்பதைத்தான் இவர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ரப்பர் பேண்டை ஒரு டின்னின் வாயில் மாட்டி, இழுத்தும் தளர்த்தியும் மீட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்கும் இது விளங்கி விடும்.

மனிதர் காதுக்குக் கேட்பது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. அதற்கு மேலே உள்ளது கழியொலி. வௌவால் அந்தக் கழியொலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு இருட்டில் பூச்சியைப் பிடிக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதும் இதே எதிரொலி முறையில்தான்.

6. மின்னலை எண்ணுவோம்

வெளிச்சம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் ஓடும். ஆகவே மின்னல் அடித்த அந்தக் கணமே நமக்குத் தெரிந்து விடும். இடிச் சத்தமோ செக்கனுக்கு 340 மீற்றர்தான். ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும்.

வீட்டுக்குள் இருந்துகொண்டு, மின்னல் தெரிந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு செக்கன். இடி கேட்டதும் நிறுத்தி, எண்ணியதை 3ஆல் வகுங்கள். 12 எண்ணியிருந்தால் மின்னல் 4 கிலோமீற்றர் தூரத்தில்.

இது விளையாட்டுக் கணக்கு மட்டுமல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மழை அதிகம். மலையில் நிற்கும் நேரமும் அதுதான். "இன்னும் நாலு றாத்தல் எடுத்துட்டுப் போயிடலாம்" என்று நினைக்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. தனி மரத்தின் கீழ் ஒதுங்குவது ஆபத்து. பக்கம் திறந்த கொழுந்து மடுவமும் பாதுகாப்பு அல்ல. வீட்டுக்குள்ளும் வயர், டிவி அன்ரெனா, தண்ணீர்க் குழாய் இவற்றைத் தொடாமல் தள்ளி இருங்கள்.

7. கலண்டர் தாளில் டாக்டர் குழாய்

பழைய கலண்டர் தாளை இறுக்கமாகக் குழாய் போல் சுருட்டி நூலால் கட்டுங்கள். ஒரு முனையைத் தம்பியின் நெஞ்சில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக வையுங்கள். மறுமுனையில் காதை வையுங்கள். சுற்றிலும் அமைதியாக இருந்தால் "லப்-டப், லப்-டப்" என்று கேட்கும்.

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லெனெக் என்ற வைத்தியர் செய்ததும் இதுதான். தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததே இன்று வைத்தியர் கழுத்தில் தொங்கும் குழாய். முப்பது செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

8. இனிக் காதுக்கு வருவோம்

பால்மா டின்னின் பொலித்தீனையும் யோகட் டெலிபோனின் நூலையும் நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? நம் காதும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. காற்றின் அதிர்வு செவிப்பறையில் மோதுகிறது. அதற்குப் பின்னால் மூன்று சிறு எலும்புகள் அதிர்வை வாங்கிக் கொடுக்கின்றன. மிகச் சிறியது 3 மில்லிமீற்றர் அளவுதான். உடம்பிலேயே அதுதான் சிறிய எலும்பு. அதற்கும் உள்ளே நத்தை ஓடு போன்ற ஒரு பகுதி. அதில் மயிர் போன்ற நுனியுள்ள ஏறக்குறைய 15,000 கலங்கள் அதிர்வை மூளைக்குச் செய்தியாக மாற்றுகின்றன. இந்தக் கலங்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது.

பொலித்தீனில் ஓட்டை விழுந்தால் அரிசி துள்ளுமா? நூலைப் பிடித்து விட்டால் பேச்சு கேட்குமா? காதிலும் அப்படியே. காதில் சீழ் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். தடிமல் பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டினால், நூலைக் கிள்ளிப் பிடித்தது மாதிரி சத்தம் மங்கும்.

இப்படிப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? கூப்பிட்டால் திரும்பாது. டிவியைக் கூட்டி வைக்கும். வகுப்பில் பின் வாங்கில் இருந்து ரீச்சர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். சொல்வதெழுதலில் பிழை விடும். நாமோ "சொன்ன பேச்சு கேக்காத புள்ள", "படிப்பு மண்டையில ஏறாது" என்று திட்டுகிறோம், சில நேரம் அடித்தும் விடுகிறோம். பிள்ளைக்குப் பிடிவாதம் இல்லை, காதுதான் கேட்கவில்லை. அதற்கும் தனக்குக் கேட்கவில்லை என்று தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொள்ளும். படிப்பு பின்தங்கி, பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோகக் கூடாது.

ஆகவே இதைப் பரிசோதித்துப் பாருங்கள். அமைதியான நேரத்தில் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். உங்கள் உதடு பிள்ளைக்குத் தெரியக் கூடாது. ஒரு காதைப் பிள்ளை விரலால் மூடிக்கொள்ளட்டும். மற்றக் காதுக்கு மட்டும் கேட்கும்படி கூடை, பூனை, வாழை என்பது போல ஆறு சொற்களைக் குசுகுசுத்துச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மற்றக் காதுக்கும் வேறு ஆறு சொற்கள். பாதிச் சொற்களைக் கூடச் சொல்ல முடியவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். பேசத் தெரியாத குழந்தை என்றால், ஆறு மாதமளவில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புகிறதா என்று கவனியுங்கள். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். இந்தச் சோதனை ஒரு அடையாளம் மட்டும்தான். சந்தேகம் வந்தால் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள், தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள், பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள்.

மறக்கக் கூடாதவை:

காதுக்குள் எண்ணெய், மூலிகைச் சாறு ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய் விடும்.

நெருப்புக்குச்சி, ஊசி, கோழி இறகு எதையும் காதுக்குள் விட வேண்டாம். குறும்பி காதுக்குப் பாதுகாப்பு. தானாகவே வெளியே வரும்.

"காது ஒழுகுறது வளர வளரச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். வடிகிற காதோடு பீலியில் தலை முழுகவும் வேண்டாம்.

பிள்ளையின் கன்னத்தில், காதில் அறைய வேண்டாம். ஒரு அறையில் செவிப்பறை கிழிந்து விடலாம்.

பிள்ளைகள் இருக்கும் காம்பராவில் பீடி, சிகரட் புகைக்க வேண்டாம். அந்தப் புகைக்கும் காது நோய்க்கும் சம்பந்தம் உண்டு.

பெக்டரியில் ரோலர், பேன் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே சத்தம் 85 டெசிபல் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். அதில் தினம் எட்டு மணித்தியாலம் நின்றால் வருடக் கணக்கில் காது மெல்ல மெல்லக் கெடும். காது அடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள். இடையிடையே சத்தம் குறைந்த பக்கம் வந்து நில்லுங்கள்.

பிள்ளைகளே, நீங்களே விடை சொல்லுங்கள்

1. எதிர் மலையைப் பார்த்துக் கூவினால், 2 செக்கனில் எதிரொலி வருகிறது. மலை எவ்வளவு தூரம்? (சத்தம் போய்த் திரும்பி வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.)

2. இரண்டு காதையும் விரலால் மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று சொன்னால் சத்தம் கூடக் கேட்கிறது. எதன் வழியாக வருகிறது?

3. மின்னல் தெரிந்து 15 எண்ணியதும் இடி கேட்டது. எத்தனை கிலோமீற்றர்? மலையில் நிற்கலாமா?

விடைகள்: 1. 340 மீற்றர். 2. தலை எலும்பின் வழியாக. 3. ஏறக்குறைய 5 கிலோமீற்றர், நிற்கவே கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடிந்ததும் ஒரு டின்னையும் நூலையும் எடுத்துக்கொண்டு லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். விளையாட்டு முடிந்த கையோடு ஒவ்வொரு பிள்ளையின் காதையும் சோதித்து விடுங்கள். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், அந்த அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.